தவணை நாளும் வரவு நாளும்: டெல்டாவில் ஐம்பதாயிரம் ரூபாய் கடன் எங்கே வாங்குவது?

ஐப்பசி அடைமழையில் ஒரு சாயங்காலம் சின்னம்மா குடையை மடக்கிக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். "கறவை மாடு ஒண்ணு வாங்கணும் தம்பி. அம்பதாயிரம் ஆகும்கிறாங்க. மைக்ரோ பைனான்ஸ் சார் வாசல்லயே வந்து தரேங்கிறார். மகளிர் குழுவுலயும் லோன் வருது. சொசைட்டியில நகையை வைக்கவும் செய்யலாம். எதுல வாங்கட்டும்?"

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். சில வருடம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதியவன் என்பதால் தெருவில் யார் கையில் கடன் தாள் வந்தாலும் என்னிடம் வந்துவிடும். சின்னம்மாவுக்குப் பதில் சொல்லி முடிக்க மூன்று சாயங்காலம் ஆனது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். நீடாமங்கலமோ திருவிடைமருதூரோ சீர்காழியோ, டெல்டாவில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இதே கேள்வியோடு ஒருவர் இருக்கிறார்.

முதலில் வட்டி. நம் ஊரில் யாரும் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதில்லை. நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்பதுதான் பேச்சு. "ரெண்டு வட்டி" என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் பெரும்பாலும் இந்த ரெண்டு வட்டியை ஒட்டித்தான் நிற்கிறது. சொசைட்டி என்கிற கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பொதுத்துறை வங்கியிலோ நகையை வைத்தால் முக்கால் வட்டி, அதிகம் போனால் ஒரு வட்டி. மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வங்கி தரும் கடனில் 3 லட்சம் ரூபாய் வரை ஆண்டுக்கு 7 சதவீதம், அதாவது அரை வட்டிக்குக் கொஞ்சம் மேல். தெரிந்தவர்களிடம் கைமாற்றாக வாங்கினால் மூணு வட்டி, அவசரம் தெரிந்துவிட்டால் அஞ்சு வட்டி.

ஐம்பதாயிரம் ரூபாயை 24 மாதத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். குறையும் அசலுக்கு 24 சதவீதம் என்றால் மாதம் சுமார் 2,644 ரூபாய், மொத்த வட்டி 13,445. அதே கடன் 7 சதவீதத்தில் என்றால் மாதம் 2,239, மொத்த வட்டி 3,727. வித்தியாசம் கிட்டத்தட்ட 9,700 ரூபாய். நடவுக்கும் களைக்கும் போகும் ஒரு பெண்ணுக்கு அது எத்தனை நாள் கூலி என்று சின்னம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவரே விரல் விட்டு எண்ணினார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நம்மகிட்ட வட்டி வெறும் பதிமூணு பர்சன்ட்தான்" என்று யாராவது சொன்னால், அசல் குறையக் குறைய வட்டி குறைகிறதா, இல்லை முதல் நாள் அசலுக்கே கடைசி வரை வட்டியா என்று கேளுங்கள். இரண்டு வருடத் தவணைக் கடனில், குறையாத அசலுக்குப் பதிமூன்றரை சதவீதம் என்பதும் குறையும் அசலுக்கு 24 சதவீதம் என்பதும் ஏறத்தாழ ஒரே தொகைதான்.

வட்டி மட்டும்தான் விஷயம் என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்திருப்பேன். டெல்டாவில் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. தவணை எந்த நாளில் வருகிறது, வீட்டுக்குப் பணம் எந்த நாளில் வருகிறது?

வாசலுக்கு வரும் கடன்

எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரு வாரத்துக்கு ஒருமுறை காலை ஏழரை மணிக்குச் சென்டர் மீட்டிங் நடக்கும். ஐந்தைந்து பேராக நான்கு குழு. பெண்கள் வரிசையாகப் பாயில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முந்தானை முடிச்சிலும் மடித்த நோட்டு. சார் பைக்கை நிறுத்திவிட்டு டேப்லெட்டை எடுப்பார். நோட்டு எண்ணப்படும், அட்டையில் கையெழுத்து விழும். சின்னம்மா என்னிடம் வந்ததற்கு முந்தைய வாரம் ஒரு பெண் வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. குழுத் தலைவி சேலையை உதறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் நூறு நூறாகச் சேர்த்து வந்தார். ஒன்பதே கால் ஆகிவிட்டது. களை எடுக்கப் போக வேண்டியவர்களுக்கு அன்றைக்கு வேலை போனது.

இந்தக் காட்சியைச் சொல்வதால் மைக்ரோ ஃபைனான்ஸை ஒதுக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பத்திரம் இல்லாத, நகை இல்லாத, வங்கி மேனேஜர் நிமிர்ந்து பார்க்காத பெண்ணுக்கு அவள் வாசலில் வைத்து ஐம்பதாயிரம் கொடுத்தது இவர்கள்தான். அது சின்ன விஷயம் இல்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் 2008-ல் 'புதுஆறு' என்று கல்லணைக் கால்வாயின் பெயரையே வைத்துக்கொண்டு ஒரு கிராம நிதிச் சேவை தொடங்கியது. வங்கிக் கிளை எட்டாத ஊர்களுக்குள் போய்க் கடனோடு காப்பீடும் தர முயன்ற முயற்சி அது. அப்புறம் 2015 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி 10 நிறுவனங்களுக்குச் சிறு நிதி வங்கி தொடங்கக் கொள்கையளவில் அனுமதி தந்தது. அவற்றில் 8, மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களாக இருந்தவை. சென்னையின் ஈக்விடாஸ் அதில் ஒன்று.

இந்த மாற்றத்தில் நம் பெண்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சாதாரண மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனம் கடன்தான் தரும், சேமிப்பு வாங்காது. சிறு நிதி வங்கியில் சேமிப்புக் கணக்கு வைக்கலாம். ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை, மற்ற வங்கிகளில் இருப்பது போலவே, டெபாசிட்டுக்குக் காப்பீடும் உண்டு. கடன் கட்டவே நாலு வருடம் அந்த வாசலை மிதித்தவர்கள் அங்கே ஒரு ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் சேமிப்பு, போட்டிருந்தால் இரண்டாம் கடனே தேவைப்பட்டிருக்காது. நான் கணக்குப் பார்த்துத் தந்தவர்களில் அப்படி ஆர்.டி. போட்டவர்கள் இரண்டே பேர்.

சரி, இந்தக் கடன் யாருக்குப் பொருந்தும்? தினமும் கல்லாவில் காசு விழுகிறவர்களுக்கு. கும்பகோணம் பேருந்து நிலையம் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா மூன்று முறை மைக்ரோ ஃபைனான்ஸ் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறார். முதல் கடனில் கிரைண்டர், இரண்டாவதில் பெரிய பாத்திரமும் பெஞ்சும், மூன்றாவதில் பக்கத்துக் கடையின் முன்பணம். காலை பதினொரு மணிக்கு அன்றைய தவணைப் பங்கைத் தனி டப்பாவில் போட்டுவிடுவார். ரெண்டு வட்டி அவரை அசைக்கவில்லை. அவர் போட்ட பணம் அதைவிட வேகமாகச் சுழன்றது. இப்போது இரண்டு பெண்கள் அவரிடம் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி என்ற பெரிய சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நேரடிப் பொருள் அந்த இரண்டு சம்பளம்தான்.

ஹைதராபாத்தில் பானர்ஜி, டஃப்லோ முதலிய பொருளியலாளர்கள் செய்த, 2015-ல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்கள் சிறு கடனால் கூடுதலாக முதலீடு செய்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் குடும்பச் செலவிலோ பிள்ளைகள் படிப்பிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை.

வயல் கூலியை மட்டும் நம்பும் வீட்டுக்கு இதே கடன் வேறு முகம் காட்டுகிறது. டெல்டாவில் வரவு ஆற்று நீரைப் போல. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நடவில் கொஞ்சம், புரட்டாசியில் சம்பா நடவில் கொஞ்சம், அப்புறம் களை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கை காலி. தையில் அறுவடை, அதையும் இப்போது எந்திரம் பாதி தின்றுவிட்டது. சித்திரையில் உளுந்து, பயறு பிடுங்குவதோடு வருடம் முடியும். தவணையோ பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மாறாமல். கார்த்திகைத் தவணையைக் கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது. நான் பார்த்த கடன் சிக்கல்களில் பாதிக்கு மேல் இப்படி மழை மாதத்தில் தொடங்கியவை. திருபுவனம் பக்கத்து நெசவாளர் வீட்டிலும் இதே கதைதான். சேலை தறியிலிருந்து இறங்கினால்தான் கூலி. தவணை தறியைக் கேட்டு வருவதில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. ஒரு தென்னை மறுபடி காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும். தவணை அடுத்த வாரமே வந்தது. அந்த நாட்களில் அங்கே நிவாரணப் பொருள் கொண்டுபோன இடத்தில், கூரையில்லாத வீட்டு வாசலில் ஒரு அம்மா கடன் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்ததைப் பார்த்தேன். ரேஷன் கார்டு நனைந்து போயிருந்தது. அட்டை நனையவில்லை.

மகளிர் குழு

தமிழ்நாட்டில் பெண்கள் குழுவாகச் சேமிக்கும் முயற்சி 1989-ல் தர்மபுரியில் தொடங்கியது. சுய உதவிக் குழுக்களை வங்கியோடு இணைக்கும் திட்டத்தை விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு 1992-ல் ஆரம்பித்தது. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுவுக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை. அங்கே குழு என்பது கடனுக்கு ஜாமீன். இங்கே குழு என்பது ஒரு சின்ன வங்கி. மாதம் நூறோ இருநூறோ எல்லோரும் போட்ட சேமிப்பை உள்ளுக்குள் கடன் கொடுக்கிறார்கள். அதற்கு வரும் வட்டி குழுவின் கணக்கிலேயே ஏறுகிறது. மைக்ரோ ஃபைனான்ஸில் கட்டும் வட்டி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடும். ஊருக்குள் பணம் தங்கி வளர வேண்டும் என்று நினைக்கிறவன் நான். எனக்கு இந்த வித்தியாசம் பெரியது. 1904-ல் கும்பகோணம் வங்கி என்று ஆரம்பித்து இன்று சிட்டி யூனியன் வங்கியாக நிற்பதும் காவிரிக் கரைச் சேமிப்பை காவிரிக் கரை வியாபாரத்துக்குக் கொடுத்து வளர்ந்ததுதான்.

குறை இல்லாமல் இல்லை. குழு தொடங்கி குறைந்தது ஆறு மாதம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். தீர்மான நோட்டு, வரவு செலவுப் புத்தகம் சரியாக இருக்க வேண்டும். வங்கிக்கு நாலைந்து முறை நடக்க வேண்டும். அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று: 7 சதவீதத்தில் வரும் 3 லட்சத்தை 12 பேர் பிரித்தால் ஆளுக்கு 25,000. மாடு ஐம்பதாயிரம். இந்த இடைவெளியில்தான் பலர் மைக்ரோ ஃபைனான்ஸ் பக்கம் போகிறார்கள்.

குழுவில் இருக்கும் இன்னொரு நன்மை எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. குழுவை நடத்தும் ஊக்குநர் சரியாக இருந்தால் மழை மாதத்தில் உள்கடனுக்கு வட்டி மட்டும் கட்டச் சொல்லி, தையில் அசலைக் கூட்டிக் கட்ட வைப்பார். தலைவி சரியில்லாத குழுவில் வங்கிக் கடன் மூன்று பேர் கையிலேயே சுற்றுவதையும் பார்த்திருக்கிறேன். அதனால் குழுவில் சேருமுன் அதன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கடைசி ஆறு கூட்டத்தில் யார் யாருக்குக் கடன் போயிருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

சொசைட்டி, அடங்கல், குத்தகை

நிலம் உங்கள் பெயரில் இருந்தால் பயிர்க் கடனுக்கு வேறு எங்கும் யோசிக்கவே வேண்டாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் குறித்த நாளில் திருப்பிக் கட்டினால் வட்டியே கிடையாது, அதை அரசு ஏற்கிறது. வங்கியில் கிசான் கிரெடிட் கார்டு என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4. 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் இந்தக் கடன் அறுவடையைப் பார்த்துத்தான் திரும்பக் கேட்கும். வரவு நாளும் தவணை நாளும் இங்கே ஒன்று.

ஆனால் டெல்டாவில் உழுகிறவர் வேறு, பட்டாவில் இருப்பவர் வேறு என்பது எவ்வளவு சகஜம்! கோயில் நிலம், மடத்து நிலம், வெளியூரில் இருப்பவர் நிலம். வாய்ப் பேச்சில் குத்தகை. குத்தகைதாரர் உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்தது. பதிவு செய்தவர்கள் உண்டு, செய்யாதவர்களும் ஏராளம். நில உடைமையாளர் முகம் கோணும் என்கிற பயம். எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்று எழுதும் கிராமக் கணக்குத்தான் அடங்கல். அதில் பெயர் இல்லாதவருக்குச் சொசைட்டிக் கதவு திறப்பது கஷ்டம், பயிர்க் காப்பீடும் கஷ்டம். 2021-ல் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடியானது. 16.43 லட்சம் விவசாயிகளுக்குப் பலன். அதே வயலில் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில் சம்பா போட்ட குத்தகை விவசாயியின் மனைவி அந்த வாரமும் திண்ணையில் உட்கார்ந்து தவணை கட்டினார். இதை எழுதும்போது இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. தள்ளுபடி வரும் என்று நம்பிக் கடன் வாங்கச் சொல்லவில்லை. விளைவிக்கிறவருக்கு அந்தக் கதவில் ஒரு பேராவது இருக்க வேண்டும் என்கிறேன்.

வழி ஒன்று இருக்கிறது. நான்கிலிருந்து பத்துக் குத்தகை விவசாயிகள் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால் வங்கியும் சொசைட்டியும் கடன் தரலாம். நபார்டு ஊக்குவிக்கும் முறை இது. நம் பகுதியில் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. கேட்டுப் பாருங்கள், ஒருமுறை மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள்.

நகை அடகைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கையில் நகை இருந்து, எட்டுப் பத்து மாதத்தில் மீட்கும் வழியும் தெரிந்தால் அதுதான் மலிவு, அதுதான் வேகம். மாதத் தவணை நச்சரிப்பும் இல்லை. ஆபத்து, மறு அடகு. வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைத்தால் ஐந்தாம் வருடம் நகையும் இருக்காது, வாங்கிய காரணமும் நினைவிருக்காது.

தண்டல் பற்றி ஒரே ஒரு கணக்கு. பத்தாயிரம் என்று எழுதி 8,500 கொடுத்து, நூறு நாள் தினம் நூறு ரூபாய் வசூலித்தால் அது ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டும் வட்டி. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்து இருக்கிறது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்க 2025-லும் ஒரு சட்டத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. காய்கறி வண்டிக்காரர்கள் அந்தப் பத்தாயிரத்துக்கு நகராட்சி மூலம், தெருவோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடனைக் கேட்பது எவ்வளவோ மேல்.

கையெழுத்துப் போடும் முன்

மைக்ரோ ஃபைனான்ஸ்தான் என்று முடிவானால் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளைத் தெரிந்து வைத்திருங்கள். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குத் தரும் பிணையில்லாக் கடன் இது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. மாதம் பதினைந்தாயிரம் வரும் வீடு என்றால் 7,500-க்கு மேல் தவணை போகிற மாதிரி யாரும் கடன் தரக் கூடாது. வருமானத்தை ஏற்றி எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அந்த வரம்பு உங்களைக் காப்பதற்குத்தான். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் போட்ட விவரத் தாளைத் தமிழில் கேட்டு வாங்குங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு ஐம்பதாயிரம் என்று எழுதி, பிடித்தம் போகக் கையில் வந்தது 48,300. வட்டி மட்டும் முழு ஐம்பதாயிரத்துக்கு. நிறுவனத்திடம் புகார் கொடுத்து முப்பது நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், 14448-க்குப் பேசலாம். நிறுவனங்களின் கூட்டமைப்பும் 2024 இறுதியில், ஒருவருக்கு மூன்று நிறுவனங்களுக்கு மேல் கடன் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. மூன்றே நம் வீடுகளுக்கு அதிகம் என்பது என் கருத்து.

இனி சின்னம்மாவின் மாட்டுக்கு வருகிறேன். நாளுக்கு 7 லிட்டர், தரம் பார்த்து லிட்டருக்கு 36 ரூபாய் என்று வைத்தால் 252 ரூபாய். தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் போக 120 நிற்கும். மாதம் 3,600. பால் சொசைட்டி பணம் நாள் விட்டு நாள் வராவிட்டாலும் ஒழுங்காக வரும். மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை 2,644 போனால் மீதி ஆயிரத்துக்கும் கீழே. பால் வற்றும் இரண்டு மூன்று மாதத்தில் தவணை மட்டும் இருக்கும், பால் இருக்காது. தீனி மட்டும் குறையாது.

அவர் குழுவில் 25,000 வாங்கினார், இரண்டு வருடத் தவணை, மாதம் 1,119. மீதிக்குச் சங்கிலியைச் சொசைட்டியில் வைத்தார், வருடத்துக்கு வட்டி இரண்டாயிரத்துச் சொச்சம். சித்தப்பா குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர் சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டதும் முதலில் சங்கிலியைத் திருப்புவது என்று பேச்சு. கார்த்திகை கடைசியில் மாடு வந்தது. செவலை, இரண்டாம் ஈத்து. வற்றும் மாதங்களுக்காக வாரம் நூறு ரூபாய் தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். சமையலறைப் பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வருகிறார். சிறு நிதி வங்கிக் கணக்கில் போடலாமே என்றால், "அடுத்த மாசத்திலிருந்து" என்கிறார். அடுத்த மாதம் நானே கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.